காசியம்மா விட்டுவைத்த களை

1988 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது. நெடுங்காடு வழியாக ஓடும் பேருந்தின் நடத்துநர் வண்டியைக் காரைக்கால் நிலையத்தில் விட்டுவிட்டு, எங்கள் அலுவலக ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"சார், காசியம்மா விடியக்காலையில தவறிட்டாங்களாம். அவங்க மக அல்லி உங்ககிட்ட சொல்லிடச் சொன்னுச்சு. நாலு மணிக்கு எடுக்குறாங்க."

தோளில் பையைச் சரிசெய்துகொண்டே, "உங்களுக்குச் சொந்தமா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு என்ன என்பதுபோல ஒரு கணம் நின்றார். அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டார்.

அவர் கேட்காமல் விட்டதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

காசியம்மா நெடுங்காட்டில் களை எடுக்கும் பெண். வடமட்டத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவர் செல்லக்கண்ணு மாட்டுவண்டி ஓட்டியவர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். காசியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வயது கேட்டால், "பிரெஞ்சுக்காரன் கொடிய இறக்குனப்ப அல்லி வயித்துல" என்பார். அது 1954. அதிலிருந்து நாமே கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

களை எடுப்பில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. நெல்லோடு சேர்ந்து முளைக்கும் குதிரைவாலிப் புல் பார்வைக்கு நெல்லைப் போலவே இருக்கும். கதிர் வந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். காசியம்மா பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே, கீழே பார்க்காமல், அதை மட்டும் பிடுங்கி எறிவார். எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"நெல்லுத் தாளுக்குக் கழுத்துல மீசை இருக்கும் சார். புல்லு மொட்டைக் கழுத்து. விரல்ல தடவுனா தெரிஞ்சு போவும்" என்றார்.

பின்னால் ஒரு விவசாயப் புத்தகத்தில் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

பதினெட்டு, இருபது பெண்கள் வரிசையாக வயலில் இறங்கும்போது வலது ஓரம், வரப்பை ஒட்டிய இடம், காசியம்மாவுடையது. அந்த இடத்தில் நிற்பவர்தான் கூட்டத்துக்குத் தலைவி. அவர் நகர்ந்தால் வரிசை நகரும். அவர் நிமிர்ந்தால்தான் மற்றவர்களும் இடுப்பை நிமிர்த்தலாம். வரப்பில் முளைத்திருப்பதையும் போகிறபோக்கில் பிடுங்கிச் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு. எந்த நிலத்துக்காரருக்கு ஆள் வேண்டுமென்றாலும் அவரிடம்தான் முதலில் சொல்லியனுப்புவார்கள். "காசியம்மா கை பட்ட வயல்ல மறுக்கா இறங்க வேணாம்" என்று, மூன்று வேலி, இருபது ஏக்கர் நிலம் வைத்திருந்த மருதையனே சொல்வார். அந்தப் பேரைத் தவிர அவருக்கு வேறு சொத்து இருந்ததில்லை.

இனி எங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும். சஃபியா காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. அவருடைய அண்ணன் சேக் அலாவுதீன் துணிக்கடை வைத்திருந்தார். தங்கை வெளியே போவதற்குத் துணையாக வரத் தொடங்கி, பிறகு தங்கையைவிட அதிக ஆர்வமாகிப் போனவர். நான் தருமபுரத்திலிருந்து வரும் அரசாங்க எழுத்தர். பி.ஏ. வரலாறு. இன்னும் மூன்று நான்கு பேர் வருவார்கள், போவார்கள். ஊரில் எங்களுக்குப் பட்டாம்பூச்சி சங்கம் என்று கேலிப்பெயர்.

நெடுங்காட்டுக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் ஒரு புறம்போக்குத் திடல் இருக்கிறது. மழைக்காலம் முடிந்து மார்கழி, தை மாதங்களில் அங்கே ஒருவகைப் பட்டாம்பூச்சி கூட்டமாக வரும். கறுப்புச் சிறகு, பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள். உடம்பே சிவப்பு, குங்குமத்தில் தோய்த்து எடுத்ததுபோல. 1980 ஜனவரியில் சஃபியா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆனால் திடலைச் சீமைக்கருவை மூடிக்கொண்டு வந்தது. வாய்க்கால் பக்கமிருந்து நெய்வேலிக் காட்டாமணக்கு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் எங்கிருந்தோ வந்து டெல்டாவைப் பிடித்துக்கொண்டவை. இன்னும் நாலைந்து வருடம் விட்டால் திடலில் வேறு எதுவும் மிஞ்சாது என்றார் சஃபியா. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் வெட்டுவது என்று முடிவு செய்தோம்.

ஜூலை மாதம், வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த வாரம். நானும் சேக் அலாவுதீனும் காட்டாமணக்கை வெட்டி வெட்டித் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தோம். அது மிதந்து போவதைப் பார்க்க எங்களுக்கு ஒரே திருப்தி. எதிர்க்கரையில் புல்லுக்கட்டோடு போன ஐந்தாறு பெண்கள் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் சத்தமாகக் கேட்டார்.

"ஏன் சார், இந்த ஊருல மண்டிக் கெடக்குறது போதாதுன்னு கீழ ஊருக்கும் அனுப்பி வைக்கிறீங்களா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குப் புரியவில்லை.

"அது ஒரு சாண் துண்டு போதுங்க. எந்தக் கரையில ஒதுங்குதோ அங்க வேர் விட்டு நிக்கும். வெட்டுனா மேட்டுல போட்டு வெயில்ல காய வைக்கணும். அதுவும் தரையில படாம, கருவை மேல போடணும்."

சேக் அலாவுதீன் கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு, மிதந்து போகும் துண்டுகளைப் பார்த்தார். "போன வாரம் போட்டது இப்ப திருமலைராயன்பட்டினம் போயிருக்குமே" என்றார்.

"போயி குடித்தனமே வச்சிருக்கும்" என்றார் அந்தப் பெண். அவர்தான் காசியம்மா.

அடுத்த ஞாயிறு அவரே வந்தார். களை எடுப்பு தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. கருவை விறகை எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னதால் மற்றப் பெண்களும் வந்தார்கள். மற்றவர்களுக்கு விறகு. காசியம்மாவுக்கு மட்டும், இந்தப் படித்தவர்கள் எதற்காகப் பூச்சிக்கு உழைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"கடிக்குமா டீச்சர்?"

"கடிக்காது."

"தேன் குடுக்குமா?"

"குடுக்காது."

"அப்ப என்னாத்துக்கு?"

சஃபியா கொஞ்சம் யோசித்து, "பாக்கறதுக்கு அழகா இருக்கும்மா" என்றார்.

"அது சரி. எங்க அல்லியையும் அதுக்காகத்தான் வச்சிருக்கேன், ஒரு வேலையும் செய்ய மாட்டா" என்றார் காசியம்மா. அல்லி அப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தாய்க்குப் பக்கத்தில் நின்று கருவை வெட்டிக்கொண்டிருந்தாள்.

பெரிய மரங்களை வெட்டி, கட்டைகளைத் தோண்டிய பிறகு சின்னச் செடிகள் மிஞ்சின. அங்கேதான் தவறு நடந்தது. எது வெளியிலிருந்து வந்தது, எது இந்த மண்ணுடையது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சஃபியா படித்தது விலங்கியல். அன்று அவர் வரவும் இல்லை. காசியம்மா என்னைக் கேட்டார்.

"வந்த செடி, இருந்த செடின்னு நெத்தியிலயா எழுதியிருக்கு? ஒரு அடையாளம் சொல்லுங்க. இருவது கை சும்மா நிக்குது."

கருவை இலையை ஆடு கடிக்காது. காட்டாமணக்கைக் கடிக்காது. ஒரு மேய்ச்சல்காரர் சொல்லி நானே பார்த்திருந்தேன். அதனால், "ஆடு கடிக்காததை எல்லாம் எடுத்துடுங்க. கடிக்கிறதை விட்டுடுங்க" என்றேன். நல்ல விதி என்றுதான் நினைத்தேன். ஆடுகளோடு வாழ்கிறவர்களுக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் காசியம்மா தரையோடு படர்ந்த ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். சாம்பல் பூத்த சின்ன வெற்றிலை மாதிரி இலை. "இது ஆடுதின்னாப்பாளைங்க. மருந்துக்கு ஆவும். இதையுமா?"

"ஆடு கடிக்குமா?"

"வாய வைக்காது. கசப்பு."

"அப்ப எடுத்துடுங்க."

இருபது பேர், இரண்டு ஞாயிறுகள். களை எடுத்துப் பழகிய கைகள். வேரோடு, ஒரு கணு மிச்சமில்லாமல் எடுத்தார்கள். திடல் அடித்துப் பெருக்கிய வாசல் மாதிரி ஆனது. சஃபியா வந்து பார்த்து, "இன்ஷா அல்லா, இந்தத் தையில எவ்ளோ வருதுன்னு பாருங்க" என்றார். காசியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மழை நன்றாகப் பெய்தது. மார்கழி போயிற்று. தையும் பாதி போயிற்று. திடலில் புல் முளைத்தது, தும்பை பூத்தது. மஞ்சள் பட்டாம்பூச்சிகள் சில வந்தன. அந்தக் கறுப்புப் பூச்சி வரவில்லை. ஏதோ ஒன்றிரண்டு குறுக்கே பறந்து போயின, உட்காரவில்லை.

நாங்கள் காற்றைச் சொன்னோம், மழையைச் சொன்னோம், பூச்சி மருந்தைச் சொன்னோம். காசியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அது என்னாத்த திங்குது டீச்சர்?"

"பூவில தேன் குடிக்கும்மா."

"அது பெருசானப்புறம். சின்னப்புள்ளையா இருக்கறப்ப? எதுவும் பால் குடிச்சுத்தானே வளருது?"

புழு ஏதாவது இலையைத் தின்னும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இலை, இதற்கு எது என்று தன்னிடம் இருந்த புத்தகத்தில் இல்லை என்றார் சஃபியா. எங்கள் எல்லோருக்கும் பூவின் மேல் உட்கார்ந்த பூச்சிதான் கண்ணில் பட்டிருந்தது. அதற்கு முன்னால் அது என்னவாக, எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

அதன்பிறகு நடந்ததை அல்லியும் செல்லமும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். செல்லம், களைக் கூட்டத்தில் காசியம்மாவுக்குப் பக்கத்து இடத்தில் நிற்பவள். அவரை அத்தாச்சி என்று அழைப்பாள். காசியம்மா வேலைக்குப் போகும் வழியெல்லாம் வரப்பில் குந்தி இலைகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாராம்.

"என்னா அத்தாச்சி, தாலியத் தொலைச்சுட்டியா?"

"தொலைச்சு இருவத்தஞ்சு வருசமாச்சு. நீ போடி."

ஒருநாள் புத்தக்குடிப் பக்கம் ஒரு வரப்பில் அந்தக் கறுப்புப் பூச்சியைப் பார்த்திருக்கிறார். பூவே இல்லாத இடம். தாழப் பறந்து, ஒவ்வோர் இலையாக உட்கார்ந்து எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஓர் இலையில் மட்டும் நின்று, வாலை அடியில் மடித்து எதையோ ஒட்டிவிட்டுப் போனது. காசியம்மா அந்த இலையைத் திருப்பினார். கடுகில் பாதி அளவுக்குச் சிவப்பாக ஒரு பொட்டு. அவர் தன் கையாலேயே அந்தத் திடலில் கூடை கூடையாகப் பிடுங்கிப் போட்ட செடி அது.

அங்கேயே முடிவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. நாலு நாள் கழித்து அதே வரப்பிலிருந்து ஒரு சின்னப் புழுவைச் சாப்பாட்டுத் தூக்குவாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனார். கருஞ்சிவப்பு, உடம்பெல்லாம் சதை முள், நடுவில் வெள்ளைப் பட்டை. முறத்தில் எட்டுவகை இலைகளை வட்டமாக வைத்து நடுவில் புழுவை விட்டார். முருங்கை, தும்பை, எருக்கு, ஆமணக்கு, வெற்றிலைகூட வைத்தாராம். புழு ஒவ்வொன்றாக ஏறி இறங்கி ஆடுதின்னாப்பாளையில் போய் வாய் வைத்தது. மறுநாள் இலைகளை இடம் மாற்றி வைத்தார். அது தேடிப் போய் அதையே தின்றது. மூன்றாம் நாள் அந்த இலையை எடுத்துவிட்டு மற்ற ஏழையும் வைத்தார். புழு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து ஒன்றையும் தொடவில்லை. சாயங்காலம் காசியம்மாவுக்கே பொறுக்கவில்லை. ஓடிப்போய்ப் பறித்து வந்து போட்டார்.

"பெத்த பேரனுக்கு ஒருநாள் இப்படி ஊட்டுனதில்ல" என்றாளாம் அல்லி.

"உன் புள்ள எதைக் குடுத்தாலும் திங்கும். இது நல்ல வீட்டுப் புள்ள."

இப்படி ஒரு சோதனையைச் சஃபியா தன் மாணவிகளுக்கு வகுப்பில் செய்து காட்டியதில்லை என்று பிறகு அவரே சொன்னார். புழு கூடு கட்டி, பதினைந்து நாள் பொறுத்து, ஒரு காலையில் பூச்சியாகிப் பறந்து போனது. அன்றைக்கே காசியம்மா பேருந்து ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே வர மாட்டேன் என்று வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்.

"சார், பூச்சி வராததுக்குக் காரணம் காத்தும் இல்ல மழையும் இல்ல. நாமதான். அது சோத்தை நாமளே புடுங்கிப் போட்டுட்டோம்."

முழுக் கதையையும் சொன்னார். "அந்த ரூலைச் சொன்னது நான்தானே காசியம்மா. நீங்க கேக்கத்தான் கேட்டீங்க" என்றேன்.

"சொன்னது நீங்க. புடுங்குனது கை. இருவத்தஞ்சு வருசமா இந்தக் கை நெல்லைப் புடுங்குனதில்ல, களைய விட்டதில்ல. அதுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அதைச் சொல்லும்போது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கோபமில்லை. எப்படி ஏமாந்தது என்று விசாரிப்பது போலத்தான் இருந்தது.

வரப்புகளில் இருந்த செடிகளைத் தோண்டிவந்து திடலில் நட்டோம். எல்லாம் வாடிப்போயின. அதன் வேர் ஆழமாகப் போகும், பாதியில் அறுந்தால் பிழைக்காது. விதைதான் வழி என்றார் காசியம்மா. காய் முற்றிக் காய்ந்து, குட்டி உறிபோலப் பிளந்து தொங்கும். விதை கொட்டுவதற்குள் எடுக்க வேண்டும். விதை வேண்டுமென்றால் வரப்பில் செடி இருக்க வேண்டும். பூச்சி முட்டை வைக்கவும் அதுவரை வேறு இடமில்லை. ஆனால் வரப்பைச் சுத்தம் செய்வது வலது ஓரத்தில் நிற்பவரின் வேலை.

1982 சம்பாவில் காசியம்மா வரப்பில் இருந்த மற்ற எல்லாவற்றையும் பிடுங்கினார். ஆடுதின்னாப்பாளையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

மருதையன் வரப்பில் நடந்து வந்தவர் நின்றுவிட்டார். அதைச் செல்லம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"காசியம்மா, இது என்னா?"

"என்னாங்க?"

"கால்ல இடறுது, என்னாங்கன்னு கேக்குற. கண்ணு மங்கிப் போச்சா?"

பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டுக் கேள்விப்பட்டதில்லை. காசியம்மா நிமிர்ந்தார்.

"ஆமாங்க. மங்கித்தான் போச்சு."

"ஆசுபத்திரியில போயி காட்டு. அடுத்த களைக்குச் செல்லத்த ஓரத்துல நிக்கச் சொல்லு."

விஷயம் கேள்விப்பட்டு நான் அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"பூச்சிக்காகக் களைய விட்டேன்னு சொன்னா புத்தி போச்சும்பாங்க சார். புத்தி போனவளை யாரு வேலைக்குக் கூப்புடுவா? கண்ணு போச்சுன்னா நடு வரிசையிலயாவது நிக்க வைப்பாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லாமல் நானே மருதையனைப் பார்க்கப் போனேன். காப்பி கொடுத்து உட்கார வைத்தார். பூச்சி, புழு, ஆடுதின்னாப்பாளை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க நல்ல மனசுக்காரர் தம்பி. வயசான பொம்பளைக்காக எவ்வளவு தூரம் வந்து பேசுறீங்க. ஆனா கண்ணு போனது போனதுதான். அவளே ஒத்துக்கிட்டா."

நான் பேசப் பேச அவருக்கு அது உறுதிப்பட்டதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஊருக்குள்ளும் அப்படியே பரவியது. காரைக்கால் சார் வந்து சிபாரிசு பண்ணுகிற அளவுக்குக் காசியம்மாவுக்குப் பார்வை போய்விட்டது என்றார்கள். அடுத்த களையிலிருந்து அவர் வரிசையின் நடுவில் நின்றார். அங்கே வரப்பு இல்லை. ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புவதும் செல்லத்துக்குத்தான் வந்தது.

அப்போதும் அவர் விடவில்லை. வரிசைக்குள் இருந்துகொண்டே செல்லத்திடம் பேசினார்.

"அடியே, அந்தப் பாளைய விட்டுடு."

"எனக்கென்ன பைத்தியமா? உன்னைக் கண்ணு போச்சுன்னாங்க. என்னை என்ன போச்சும்பாங்க?"

"உனக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

செல்லம் சிரித்துவிட்டாளாம். ஆனால் யோசித்திருக்கிறாள். அதற்கப்புறம் ஒரு முழம் எடுத்து ஒரு முழம் விட்டாள். மருதையன் கேட்டால், "இப்பத்தான் மொளைச்சிருக்கும்" என்று சொல்லத் தோதாக. காய் பிளக்கும் காலத்தில் இரண்டு பேரும் மடியில் விதை கட்டிக்கொண்டு வந்து என்னிடம் கொடுப்பார்கள்.

1983இல் சேக் அலாவுதீன் கடையை மூடிவிட்டுத் துபாய் போனார். கடிதம் எழுதும்போதெல்லாம் கடைசி வரியில், "பூச்சி வந்ததா?" என்று கேட்பார். "நானாவுக்கு என்ன எழுதட்டும்?" என்று சஃபியா காசியம்மாவிடம் கேட்பார். "செடி வந்துருச்சுன்னு எழுதுங்க டீச்சர். சோறு ஆனாத்தானே விருந்தாளி வரும்" என்பார் காசியம்மா. முதல் வருடம் விதைத்ததில் பாதி முளைக்கவில்லை. இரண்டாம் வருடம் முளைத்ததை வெள்ளம் மூடியது. அவர் மேட்டுப் பக்கமாக மாற்றி விதைத்தார்.

1985 ஜனவரியில் வந்தது. முதலில் பார்த்தவர் அவர்தான், ஆனால் அவர் பூச்சியைப் பார்க்கவில்லை. நான் திடலுக்குப் போனபோது தரையில் குந்தி, ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"சார், இங்க வாங்க. தின்னுருக்கு பாருங்க!"

இலையின் ஓரம் வளைவாகக் கடிபட்டிருந்தது. அடுத்த இலையில் காம்பு மட்டும் மிச்சம். ஓடி ஓடி ஒவ்வொரு செடியாகக் காட்டினார். வாழ்நாள் முழுக்கப் பயிரைப் பூச்சி கடித்தால் பதறிய மனுஷி, கடித்த இலையைக் கண்டு அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இரண்டு வாரத்தில் திடலில் கறுப்புச் சிறகுகள் நிறைந்தன. களைக் கூட்டத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். செல்லம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"அத்தாச்சி, இதுக்கா ஓரத்தை விட்ட?"

"ஆமா."

"அழகாத்தான் இருக்கு" என்றாள் செல்லம், மனமில்லாமல்.

மருதையன் வரவில்லை. நாங்கள் கூப்பிடவும் இல்லை. காசியம்மா கடைசிவரை நடு வரிசையில்தான் நின்றார். அவர் கை கடைசிவரை தப்பவில்லை என்பது அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். நிலத்துக்காரர்கள் அவரைக் கண் தெரியாதவர் என்றே நினைத்தார்கள். சிலர் வரப்பில் ஏறும்போது கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். அவரும் பிடித்துக்கொண்டு ஏறுவார்.

ஒருமுறை கேட்டேன், இதையெல்லாம் செய்ய வேண்டியிருந்ததே, வருத்தமில்லையா என்று. அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பூச்சி அத்தனை செடியில அந்த ஒண்ணைக் கண்டுபிடிக்குதே சார், அது கால்ல தொட்டுப் பாக்குதா, மோந்து பாக்குதா?" என்று கேட்டார். சஃபியாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். காலால்தான் ருசி பார்க்கும் என்றார் சஃபியா. அதைச் சொன்னபோது காசியம்மா தன் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

கடைசி இரண்டு வருடங்களில் எங்கள் சங்கம் என்று எதுவும் இல்லை. எனக்கு அலுவலக வேலை, சஃபியாவுக்குக் குழந்தை. திடலைக் காசியம்மாதான் பார்த்துக்கொண்டார். ஐப்பசி மழையில் வாய்க்கால் பெருகும்போதெல்லாம் காட்டாமணக்குத் துண்டுகள் எங்கிருந்தோ வந்து கரையில் ஒதுங்கித் தளிர்விடும். பாளைக் கன்றும் அதே சமயத்தில்தான் முளைக்கும். தளிரில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வெற்றிலை வடிவம். காசியம்மா தையில் வேலையில்லாத நாட்களில் வந்து, ஒன்றை எடுத்து ஒன்றை விட்டுக்கொண்டே போவார்.

இந்தத் தையிலும் அப்படித்தான் வந்திருக்கிறார். இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு காய்ச்சல் வந்ததாகவும், அதற்கு முந்தின நாள்வரை திடலுக்குப் போனதாகவும் அல்லி சொன்னாள்.

அடக்கம் முடிந்து, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் சஃபியாவும் செல்லமும் திடலுக்குப் போனோம். வெயில் ஏறியிருந்தது. பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன. வடக்கிலிருந்து எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். எடுத்த காட்டாமணக்குத் தளிர்கள் மண்ணில் படாமல் கருவை முள்ளின் மேல் காய்ந்துகொண்டிருந்தன. செல்லம் குனிந்து ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு இன்னொன்றை. நெல்லென்றால் தெரியும், வளர்ந்த பாளையும் தெரியும், கன்றில் தனக்குத் தெரியாது என்று கையை எடுத்துக்கொண்டாள். சஃபியாவுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இலை பெரிதாகும்வரை பொறுக்கலாம் என்று மூவரும் திரும்பினோம்.

தெற்கு ஓரத்தில் நாலு முழ நீளத்துக்குக் களை இன்னும் எடுக்கப்படவில்லை.